மறந்திட்டன் என்று மாமி சொல்லவில்லை

முதலில் அந்தப் பிளாஸ்டிக் கதிரையைத்தான் எடுத்துவிடச் சொன்னார்கள். வெயிலில் வெளிறிப்போன சிவப்புக் கதிரை. பின்கால் ஒன்று வெடித்து, அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மாமி அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பார், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிப்பார், மத்தியானத்தில் வாயைத் திறந்தபடி உறங்குவார். படம்பிடிக்க வந்த நாளில் எங்கள் இணைப்பாளர் அந்தக் கதிரையைக் கண்டதும் சோற்றில் மயிரைக் கண்டவர்போல முகத்தைச் சுளித்தார். கமராவுக்குள் பிளாஸ்டிக் வரக்கூடாது என்றார். கதிரை வேலிக்கு அப்பால் போனது. பிறகு கொடியில் காய்ந்த நைற்றிகள் போயின. நீலத் தண்ணீர்த் தாங்கியைத் தென்னோலை போட்டு மூடினார்கள். குசினியிலிருந்த காஸ் அடுப்பை அறைக்குள் தள்ளிவிட்டு, திருகோணமலையிலிருந்து வானில் கொண்டுவந்த மண்பானைகளை வாசலில் அடுக்கினார்கள். மாமி ஒரு பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது பூக்கன்று வைக்கிற சாடி, அடியில் ஓட்டை இருக்கிறது என்றார். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

நான் அப்போது அந்த நிறுவனத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையில் இருந்தேன். குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் கரையோரக் கிராமங்களில் இருக்கும் வயதானவர்களின் கதைகளை, அவர்கள் கண்மூடுவதற்கு முன்னர் அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பதிந்து வைப்பதுதான் திட்டம். வேலைக்கு எடுத்தபோது இணைப்பாளர் இதை ஒரு தொண்டு போல விளக்கினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தும், துறைமுகத்துக்கு அக்கரையில் என்ன நடந்தது என்று ஒழுங்காகத் தெரியாமல் இருந்தவள் நான். கேட்கக் கேட்கக் காது திறந்துகொண்டு போனது. இன்றைக்கு அந்த நிறுவனத்தை நினைத்தால், பூட்டியிருந்த குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது அடிக்கிற ஊசல் மீன் வாடைபோல ஒன்று தொண்டைவரை ஏறி வருகிறது.

மாமி எனக்கு உறவுக்காரி இல்லை. மூதூரைத் தாண்டி வெருகலுக்குப் போகும் வழியிலுள்ள அந்தக் கிராமத்தில் எல்லோரும் அவரைப் பாதையடி மாமி என்றுதான் சொல்வார்கள். ஆற்றைக் கடக்க வாகனங்களையும் சனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். இப்போது எங்கும் பாலம் வந்துவிட்டது. பாலம் வருவதற்கு முன்னர், பாதை வந்து சேரும் துறையடியில் மாமி ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கணவர் அந்தப் பாதையைக் கம்பியில் இழுத்துச் செல்லும் ஆட்களில் ஒருவர். மாமி சாந்தமான மனுசி இல்லை. நாக்கு நல்ல கூர். தேத்தண்ணிக்குச் சீனி கூடுதலாகக் கேட்டவர்களை முப்பது வருடத்துக்குப் பிறகும் பெயர் சொல்லித் திட்டக்கூடியவர். வெற்றிலை போட்டுப் போட்டு உதடு கறுத்திருந்தது. காலில் நீர் வைத்து வீங்கியிருந்ததால் நடப்பது குறைவு. என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார். பட்டணத்திலிருந்து வருவதால் ரவுன்காரி என்று என்னைப்பற்றி மற்றவர்களிடம் சொல்வார்.

படப்பிடிப்புக்கு முன்னர் நான் தனியே பலமுறை போயிருந்தேன். காலை பஸ்ஸில் கிண்ணியா, மூதூர் வழியாகப் போய், மத்தியானம்வரை அவர் கதையைப் பதிந்துகொண்டு திரும்புவேன். பாதையடிக் கதைகள் எல்லாம் சிரிப்புக் கதைகள். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் இக்கரையிலும் பொம்பிளை வீட்டார் அக்கரையிலும் நிற்க, கம்பி இறுகி மிதவை நடு ஆற்றில் நின்றுவிட்டதாம். வெயிலில் காத்து நின்ற நேரத்துக்குள் மாப்பிள்ளைக்கு மனம் மாறி, வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போது மாமிக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. அன்றைக்குத்தான் கடையில் பணிஸ் ஒன்றும் மிஞ்சாமல் விற்றது என்றார். நிவாரணத்துக்கு வந்த கூரைத் தகடுகள் எந்தெந்த வீட்டுக் கொட்டிலுக்குப் போயின என்பதையும் சொன்னார். அந்த வீடுகளை இருந்த இடத்திலிருந்தே கைநீட்டிக் காட்டினார். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலையும் உயர்த்தினார்.

கணவரைப்பற்றிச் சொன்ன நாளில் மட்டும் குரல் தாழ்ந்திருந்தது. யுத்தத்தால் வந்த கடைசி இடப்பெயர்வில் ஊரே தெற்குப் பக்கமாக நடந்தது. கணவருக்கு முட்டு வருத்தம், மூச்சு எடுக்க ஏலாது. மருந்து முடிந்துவிட்டது. பின்னாலிருந்து செல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, கடலையொட்டிய களப்பு ஓரமாக நடந்து போனவர்கள் ஓரிடத்தில் ஒரு வீரை மரத்தின் கீழ் இருந்திருக்கிறார்கள். அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். விழுங்கியது பாதி, வழிந்தது பாதி. பிறகு மரத்தில் சாய்ந்தவர் எழும்பவில்லை. மண்வெட்டி யாரிடமும் இல்லை. முன்பின் தெரியாத ஆட்கள் சோற்றுக் கோப்பையாலும் சட்டி மூடியாலும் மணலைத் தோண்டிக் கொடுத்தார்கள். மாமி சீலைத் தலைப்பைக் கிழித்து முகத்தை மூடினார். அடையாளத்துக்கு வைக்க ஒரு கல்லுக்கூட அந்த மணலில் கிடைக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவிட்டார். மீளக் குடியேறிய பிறகு அந்த இடத்தைத் தேடிப் போனபோது அதைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே போகத் தடை என்று பலகை. யாருடைய வேலி என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். கேட்ட இடங்களில் எல்லாம் பிறகு வரச் சொன்னார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மாமி கொஞ்சநேரம் வெற்றிலையை மென்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது இது:

“எல்லாத்தையும் நான் மறந்திட்டன், சந்தோசமா இருக்கிறன் எண்டு சொன்னா அது பச்சைப் பொய், பிள்ளை. அந்த இடத்தில ஒரு விளக்குக் கொளுத்தோணும். அதுக்குத்தான் உமக்கு இவ்வளவும் சொல்லுறன்.”

நான் அதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத்தாக்கினேன். அவருக்கு இந்தப் பதிவு வேறு எதற்கும் தேவைப்படவில்லை. தன்னுடைய குரலை யாரோ பெரியவர்கள் கேட்பார்கள், இடத்தின் அடையாளத்தைக் கேட்பார்கள், வேலியைத் திறந்து ஒரு மணித்தியாலமாவது உள்ளே விடுவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் வாய் திறந்தார்.

இணைப்பாளர் நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்கலங்கினார். அவருக்குக் கண் கலங்குவது சுலபம். கூட்டங்களில் கலங்கும், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்திருந்தால் கட்டாயம் கலங்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதுதான் நமக்கு வேண்டியது, இதை எப்படியும் படமாக எடுக்க வேண்டும் என்றார். அப்போது அந்தக் கண்ணீரை நான் நம்பினேன். மாமி இளவயதில் சுருட்டுப் பிடிப்பார் என்று பதிவில் ஓரிடத்தில் வந்திருந்தது. அதையும் அடிக்கோடிட்டு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

படப்பிடிப்பு நாளில் மாமிக்கு ஒரு கைத்தறிச் சீலை கொடுத்து உடுத்தச் சொன்னார்கள். கஞ்சி போட்டதுபோல விறைத்துக்கொண்டு நின்ற சீலை. நெஞ்சு வருத்தத்தால் எப்போதோ விட்டுவிட்ட சுருட்டை வாங்கிவந்து, பற்றவைத்துக் கையில் கொடுத்தார்கள். இழுக்கத் தேவையில்லை, புகை மட்டும் வந்தால் போதும் என்றார் இணைப்பாளர். மாமி இருமினார். இருமல் நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, கணவர் இறந்த கதையைத் தொடங்கச் சொன்னார்கள். மாமி சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மகள் உள்ளே போய்விட்டார். மாமி மூக்கைச் சிந்தி முடிக்கும்போது, வெளிச்சம் சரியாக அமையவில்லை, அந்தத் தண்ணீர் கேட்ட இடத்திலிருந்து இன்னொருமுறை சொல்ல முடியுமா என்றார் இணைப்பாளர். மாமி இரண்டாம் முறையும் சொன்னார். இந்தமுறை கண் காய்ந்திருந்தது. முதல்முறை சொன்னதுபோல உணர்ச்சியோடு ஒருக்கால் என்று கேட்டார் அவர். குழந்தைக்குச் சோறு தீத்துகிறவர்போலக் குனிந்து, தலையைச் சரித்து, அவ்வளவு இனிமையாகக் கேட்டார்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, அவர் ஒருக்காத்தானே செத்தவர்,” என்றார்.

கமராக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். இணைப்பாளர் சிரித்தார். இப்படியான வசனங்கள்தான் பொக்கிசம் என்று என்னிடம் சொன்னார். கமரா அப்போது ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டு உறுதிப்படுத்தியும் கொண்டார்.  படப்பிடிப்பை நிறுத்துங்கள், மாமிக்கு ஏலாமல் இருக்கிறது என்று சொல்லி, சுருட்டை வாங்கி மண்ணில் தேய்த்து அணைத்தேன். தேவையானது கிடைத்துவிட்டது என்று அவர்களும் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். போகும்போது பானைகளை மறக்காமல் எடுத்துச் சென்றார்கள். கதிரையை நான்தான் வேலிக்கு அப்பாலிருந்து தூக்கிவந்து போட்டேன்.

படத்தைக் கொழும்பில் வைத்து வெட்டி ஒட்டினார்கள். அதை நாங்கள் யாரும் முன்னால் பார்க்கவில்லை. வெளியீட்டு விழா திருகோணமலையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மண்டபத்தில் நடந்தது. கதை சொன்ன முதியவர்களை வான்களில் ஏற்றிவந்து ஓரத்து வரிசைகளில் இருத்தினார்கள். முன்வரிசையில் யார் யாரோ. மங்கள விளக்கேற்றினார்கள், மாணவிகள் ஆடினார்கள், நினைவுகள் ஒரு சமூகத்தின் சொத்து என்று நான்கு பேர் நான்கு விதமாகப் பேசினார்கள். மாமி எனக்குப் பக்கத்தில் அந்த விறைத்த சீலையோடு இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பெரிய ஆட்கள் வந்திருக்கினமோ என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். புல்லாங்குழல். வானத்திலிருந்து எடுத்த குடாக்கடல். இறக்கக்கண்டியில் தன் தோணியை யார் எரித்தார்கள் என்று என்னிடம் ஒரு மணித்தியாலம் சொன்ன பெரியவர், படத்தில் வலை பொத்துவது எப்படி என்று மட்டும் சொன்னார். மூதூரில் தன் காணிக்காக இருபது வருடம் அலைந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், வட்டிலப்பத்துக்கு ஏலம் எவ்வளவு போட வேண்டும் என்றார்.  பிறகு மாமி வந்தார். பூச்சாடிகளுக்கு நடுவில், சுருட்டுப் புகைக்குப் பின்னால், கன்னத்தில் வழிந்த கண்ணீரோடு. சொற்கள் இல்லை, முகம் மட்டும். புல்லாங்குழல் தாழ்ந்தது. நான் என் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்த மாமியின் குரல் மண்டபம் நிறைய வந்தது.

“எல்லாத்தையும் நான் மறந்திட்டன், சந்தோசமா இருக்கிறன்.”

அவ்வளவுதான். குழல் மேலே எழும்பியது. சூரியன் கடலில் இறங்கியது. மண்டபம் கைதட்டியது.

எங்களுடைய மொழியில் ஆம், இல்லை எல்லாம் வசனத்தின் கடைசியில்தான் இருக்கிறது. கடைசிச் சொல் வரும்வரை எதிரே இருப்பவர் பொறுத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் பேசுகிறோம். கத்தரிக்கோல் வைத்திருந்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. எண்டு சொன்னா என்ற இடத்துக்குச் சற்று முன்னால், மூச்சுக்கூடப் பிசிறாமல், மிகத் துப்புரவாக வெட்டியிருந்தான். அந்தத் துப்புரவைத்தான் என்னால் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை. அவசரத்தில் நேர்ந்த பிழையென்றால் எங்காவது ஒரு பிசிறு இருந்திருக்கும்.

இருட்டில் மாமி என் பக்கம் திரும்பினார். மிச்சம் எங்க பிள்ளை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் விளக்குகள் வந்துவிட்டன. கதை சொன்னவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மாமியின் முறை வந்தபோது நான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து போர்த்தினார். நன்றி சொல்வார் என்று நினைத்து அறிவிப்பாளர் ஒலிவாங்கியை மாமியின் வாயருகே பிடித்தார்.

“நான் சொன்னது அதோட முடியேல்ல,” என்றார் மாமி. சத்தம் போடவில்லை. கடையில் மிச்சக் காசு கேட்கும் குரலில்தான் கேட்டார். “பொய் எண்டு சொன்னனான். அவரை மண்ணுக்குள்ள தாட்ட இடத்தையும் சொன்னனான். அதை ஏன் எடுத்தனீங்கள்?”

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், அவருக்கு ஒரு பலத்த கரகோசம் கொடுப்போம் என்றார். கொடுத்தார்கள். முன்வரிசை கொடுத்தது, பின்வரிசையும் கொடுத்தது. படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களில் எனக்குப் படிப்பித்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒரு மனுசி கேட்ட கேள்வியைக் கைதட்டியே வாயடைக்கலாம் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் என்னால் மனதோடு கைதட்ட முடிந்ததில்லை.

தேநீர் நேரத்தில் இணைப்பாளரைத் தேடிப் போனேன். ஒரு கையில் கோப்பி, மற்றக் கையில் பற்றிஸ். மீசையில் துகள் ஒட்டியிருந்தது. வசனம் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது, நான் எழுதிக் கொடுத்ததைப் பாருங்கள், அர்த்தமே மாறிவிட்டது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நேரம் போதவில்லை என்றார். பார்க்கிற சனம் ஒரு ஆறுதலோடு வீட்டுக்குப் போக வேண்டாமா என்றார். இடத்தை எல்லாம் சொல்லப்போனால் அது வேறு பிரச்சினை, நாங்கள் செய்வது நினைவுகளைப் பாதுகாக்கிற வேலை என்றார். கடைசியாக, விழுங்கிவிட்டு, “சாரம் மாறேல்ல தானே, தங்கச்சி,” என்றார்.

அவருடைய வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்டவர் என்று அவருக்குத் தன்னைப்பற்றித் தோன்றவே இல்லை. மாமிக்கு ஒரு நிம்மதியான முடிவைத் தான் கொடுத்திருப்பதாகவே உண்மையில் நினைத்தார். மாமி கேட்டது விளக்குக் கொளுத்த ஒரு இடம். அதற்குப் பதிலாகத் தான் அவருக்கு ஒரு சந்தோசத்தைச் செய்து கொடுத்துவிட்டதாக அவர் நம்பினார். அந்த நம்பிக்கை, அந்த மினுமினுப்பான முகம், அந்தத் துகள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வானில் மாமி ஏற்கெனவே ஏறியிருந்தார். கொடுத்த சாப்பாட்டுப் பொதியை வேண்டாம் என்று திருப்பிவிட்டாராம். வான் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது. பிறகு மாமி மடியிலிருந்த பொன்னாடையை எடுத்தார். சரிகைப் பக்கம் மேலே வரும்படி ஒழுங்காக விரித்தார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முழுவதையும் அதற்குள் துப்பி, நான்காக மடித்து, இருக்கைக்கு அடியில் தள்ளினார். பக்கத்திலிருந்த மூதூர்க் காக்கா அதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் சுருட்டி அதே இடத்தில் வைத்தார்.

அடுத்த வாரம் நான் வேலையை விட்டேன். விடுவதற்கு முன்னர் முழு ஒலிப்பதிவையும் மாமிக்குத் தரும்படி கேட்டேன். உரிமை நிறுவனத்துக்குரியது, கொடுக்க ஏலாது என்றார்கள். கணினியில் எனக்கிருந்த வழியையும் அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். ஒரு மனுசியின் குரல், அவருடைய கணவன் செத்த கதை, அது அவருக்கே உரியதில்லையாம். இதைச் சொன்ன அலுவலகப் பெண் என்னைவிட இளையவள். சொல்லும்போது அவளுக்கே முகம் கோணிப்போனது.

மாமியிடம் போய் விசயத்தைச் சொன்னேன். நைற்றியோடு தன் கதிரையில் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். உம்மட்ட ஃபோன் இருக்குத்தானே என்றார். அதில் புதிதாகப் பிடிக்கச் சொன்னார். ஆனால் இந்தமுறை வெட்ட ஏலாத மாதிரிச் சொல்லப்போவதாகச் சொன்னார். நான் பதிவை அழுத்தினேன்.

பொய், மறந்திட்டன் எண்டது பொய் என்று தொடங்கினார். நிறுத்திவிட்டு, இதில் எங்கே வெட்டலாம் என்று என்னைக் கேட்டார். நடுவிலிருக்கும் மறந்திட்டன் என்ற சொல்லை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் பழையபடி வரும் என்றேன். மாமி நாக்கைச் சப்பினார். நாய்களிட்ட எலும்பு போடுற மாதிரியெல்லோ சொல்லவேண்டிக் கிடக்கு என்றார். அப்படியென்றால் அந்தச் சொல்லையே தன் வாயில் எடுக்கப்போவதில்லை என்றார். சந்தோசம் என்ற சொல்லும் வேண்டாம். இல்லை, ஏலாது, தெரியாது, பொய் எதுவும் வேண்டாம். ஒரு துண்டைப் பிய்த்தாலும் பிய்த்த துண்டும் உண்மையாகவே இருக்க வேண்டும்.

பிறகு தொடங்கினார்.

“எனக்கு ஞாபகம் இருக்கு. அவர் வீரை மரத்துக்குக் கீழ இருந்தவர். தண்ணி கேட்டவர். நான் குடுத்தனான். அவர் அந்த இடத்திலதான் செத்தவர். மணலைக் கோப்பையால தோண்டினம். எனக்கு ஞாபகம் இருக்கு.”

தெருவால் உழவு இயந்திரம் போனது. பக்கத்து வீட்டுக் கோழி கத்தியது. மாமி எதற்கும் நிறுத்தவில்லை. முன்னர் சொன்ன கதையில் வளைவும் நெளிவும் இருந்தன, சிரிப்பு இருந்தது, கோபத்தோடு வரும் இழுவை இருந்தது. இதில் அவை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் பின் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததை வைத்தார். களப்பு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம், மரம் எத்தனை கிளையாகப் பிரிகிறது, அதிலிருந்து எந்தக் கைப் பக்கம். ஒரு கதைக்காரியைப் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுப்பவள்போலப் பேச வைத்துவிட்டார்களே என்று எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. மாமிக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. முடித்ததும், மகளின் ஃபோனுக்கும் இதை அனுப்பிவிடும் என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்குச் சீனி கூடுதலாகவே போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாரி மட்டும் இருந்தார். மூன்றாம் மாரியில் நெஞ்சில் சளி கட்டி, மூதூர் ஆஸ்பத்திரியில் காலமானார். செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். தகடு எடுத்த வீட்டுக்காரர்கள்தான் பந்தல் போட்டிருந்தார்கள்.

அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் நிலாவெளியில் ஒரு விடுதிக்கு உறவினரின் கலியாணப் பேச்சு விசயமாகப் போனபோது, வரவேற்புக் கூடத்துத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் மாமி புகைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதற்குக் கீழே உட்கார்ந்து அன்னாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி மறந்துவிட்டதாகவும் சந்தோசமாக இருப்பதாகவும் ஆங்கிலத்தில் கீழே எழுத்து ஓடியது. இணைப்பாளர் இப்போது நினைவைப்பற்றிப் பல நாடுகளில் விரிவுரை செய்கிறாராம். அவர் ஒருக்காத்தானே செத்தவர் என்ற வசனத்தை எல்லா மேடையிலும் சொல்லிக் கண்கலங்குகிறாராம். அதை மாமி எந்த நேரத்தில், யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை அவர் எங்காவது சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் மாமியின் மகள் கூப்பிட்டார். நான் அவரை அக்கா என்பேன். வேலியை எடுத்துவிட்டார்களாம், போய்ப் பார்க்கப் போகிறேன், தனியப் போகப் பயமாக இருக்கிறது என்றார். பஸ்ஸில் போய், பிறகு ஓட்டோ பிடித்து, கடைசித் துண்டை நடந்தோம். வேலித் தூண்களைப் பிடுங்கிய குழிகள் வரிசையாக இருந்தன. அக்கா பையில் கற்பூரமும் சிட்டி விளக்கும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார். தாயின் குரலை ஃபோனில் போட்டார்.

“களப்பு உனக்குப் பின்னுக்கு இருக்கும். முன்னுக்கு வீரை. அது ரெண்டாப் பிரியும்.”

களப்பு பின்னால் இருந்தது. முன்னால் வீரை நின்றது, இரண்டாகப் பிரிந்து. ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. வேர் பாதி வெளியே தொங்கியது.

“இடக்கைப் பக்கம் மணல். அந்த மணலுக்குள்ளதான் அவர் இருக்கிறார்.”

இடக்கைப் பக்கம் மணல் இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிய கிடங்கு. அடியில் எண்ணெய் படிந்த பச்சைத் தண்ணீர், அதில் சோற்றுப் பார்சல் பொலித்தீன்களும் ஒரு செத்த நாயும் மிதந்தன. கிடங்கின் கரை முழுவதும் மணல் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் வாளிப் பல் பதிந்த தடம். டிப்பர் லொறி வந்து போன சக்கரத் தடம் தெருவரைக்கும் போனது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் கண்ணுக்கு எட்டிய தூரமும் அப்படித்தான் இருந்தது. வேலி திறந்தது சனம் வருவதற்காக இல்லை.

அக்கா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஃபோனில் மாமி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அது முடியும்வரை அவர் நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, எந்தச் சலனமும் இல்லாமல், “அப்பா இப்ப எந்தச் சுவருக்குள்ள இருக்கிறாரோ,” என்றார்.  நிலாவெளி விடுதியின் வெள்ளைச் சுவர் என் கண்ணுக்குள் வந்தது. அது எந்த மண்ணால் பூசியதென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வந்தது.

அவர் ஃபோனை என்னிடம் தந்தார். பிடியுங்கோ என்றார். கிடங்கின் விளிம்பில் நின்றபடி தாயைப்போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இது வீரை மரம். இந்த இடத்தில் எங்கட அப்பாவைத் தாட்டது. இந்த மண்ணைப் பெக்கோவால் அள்ளினது. தடம் இருக்கு. நான் பார்க்கிறன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போது தெருப்பக்கமிருந்து வெறும் டிப்பர் ஒன்று இறங்கி வந்தது. நாங்கள் தடத்தில் நின்றதால் சாரதி கோன் அடித்தான். அக்கா விலகவில்லை. நானும் விலகவில்லை. அவன் திரும்பவும் அடித்தான். அக்கா என் முழங்கையைப் பிடித்து ஃபோனை அந்தப் பக்கம் திருப்பினார். வண்டியின் முன்னால் இருந்த இலக்கத்தை, முதலில் எழுத்துகளையும் பிறகு எண்களையும், ஒவ்வொன்றாக, உரத்து வாசித்தார்.